நுழைவுத் தேர்வில் சறுக்கல்… 23 வயதில் நொபேல் கண்டுபிடிப்பு! - ஓர் ஆராய்ச்சி மாணவியின் கிறிஸ்துமஸ் கதை

1984 டிசம்பர் 25. ஊரே கிறிஸ்துமஸ் கொண்டாடிக்கொண்டிருந்த நாள். அமெரிக்காவின் பெர்க்லி நகரில், கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு 23 வயது மாணவி ஒருவர் தனியாக வந்தார். சில நாள்களுக்கு முன் அவர் செய்திருந்த சோதனையின் முடிவு எக்ஸ்-ரே ஃபிலிமில் பதிவாகியிருந்தது. அதைக் கழுவிப் பார்க்க வேண்டும். மறுநாள் வந்து பார்த்திருக்கலாம். ஆனால், மனசு கேட்கவில்லை.

ஃபிலிமைக் கழுவி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கறுப்புக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக, ஏணிப் படிகளைப் போல சீராக அடுக்கியிருந்தன. எட்டு மாதங்களாக அவர் தேடிக்கொண்டிருந்தது அந்தப் படிகளைத்தான்.

வீட்டுக்குப் போன மாணவி, அப்போது பரபரப்பாக விற்றுக்கொண்டிருந்த புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'பார்ன் இன் த யு.எஸ்.ஏ' இசைத்தட்டை ஓடவிட்டு, தனியாக ஆடித் தீர்த்தார்.

அந்த மாணவியின் பெயர் கரோல் கிரைடர். அன்று அவர் பார்த்த கோடுகளுக்கு 25 ஆண்டுகள் கழித்து நொபேல் பரிசு கிடைத்தது. இதைவிட ஆச்சர்யமான விஷயம் ஒன்று உண்டு. நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணை மட்டும் பார்த்திருந்தால், அவருக்கு அந்த ஆய்வகத்தின் கதவே திறந்திருக்காது.

ஸ்பெல்லிங் வராத பிள்ளை

கரோல் பிறந்தது 1961 ஏப்ரலில். வளர்ந்தது கலிஃபோர்னியாவின் டேவிஸ் என்ற பல்கலைக்கழக ஊரில். அப்பா கென்னத் கிரைடர் இயற்பியல் பேராசிரியர். அம்மா ஜீன் தாவரவியலில் பிஹெச்.டி முடித்தவர். அதுவும் பின்னாளில் மகள் படிக்கப்போகும் அதே பெர்க்லி பல்கலைக்கழகத்தில்!

ஆனால், மகள் படிப்பதைப் பார்க்க அம்மாவுக்குக் கொடுத்துவைக்கவில்லை. கரோலுக்கு 6 வயதாக இருக்கும்போதே அவர் இறந்துவிட்டார். அதன் பிறகு கரோலும், ஒரு வயது மூத்த அண்ணனும் அப்பாவின் பராமரிப்பில் வளர்ந்தார்கள். பள்ளிக்குக் கிளம்புவது முதல் வீட்டுப்பாடம் முடிப்பது வரை தங்கள் வேலையைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டிய சூழல்.

பள்ளியில் இன்னொரு சோதனை. கரோலுக்கு ஸ்பெல்லிங் வராது. வார்த்தைகளைச் சத்தமாக வாசிப்பதும் சிரமம். மற்ற பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்திருக்க, அவரை மட்டும் தனிப் பயிற்சிக்கு அழைத்துப் போவார்கள். 'நமக்குப் படிப்பு வராது போல' என்றே அந்தப் பிள்ளை நினைத்துக்கொண்டது. பல வருடங்கள் கழித்துத்தான் அது 'டிஸ்லெக்ஸியா' என்று புரிந்தது. எழுத்தையும் ஒலியையும் இணைத்துப் பார்ப்பதில் மூளைக்கு ஏற்படும் தடுமாற்றம் அது. அறிவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

காரணம் தெரியாவிட்டாலும் கரோல் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒலியை வைத்து எழுத முடியாத வார்த்தைகளை அப்படியே மனப்பாடம் செய்துகொண்டார். இந்தப் பழக்கம் பின்னாளில் வேதியியலும் உடற்கூறியலும் படிக்கும்போது கைகொடுத்தது. ஏகப்பட்ட பெயர்களை நினைவில் வைப்பது மற்றவர்களுக்கு மலைப்பாக இருக்க, அவருக்கோ அது சின்ன வயதிலிருந்தே பழகிய வேலை.

கல்லூரியில் பிடித்த கிறுக்கு

1979-ல் சான்டா பார்பராவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் உயிரியல் சேர்ந்தார். அங்கே அவருக்கு வழிகாட்டியவர் பீட்ரிஸ் ஸ்வீனி. கடல்வாழ் நுண்ணுயிர்களின் உடல் கடிகாரத்தை ஆராய்ந்த விஞ்ஞானி. புத்தகத்தை மட்டும் நம்பாமல் நேராக ஆய்வகத்துக்குள் இறங்கிவிட வேண்டும் என்பது அவர் வழி. முதலாம் ஆண்டிலேயே கரோல் ஆய்வகத்தில் வேலை பார்க்கத் தொடங்கினார்.

ஒரே ஆய்வகத்தில் இல்லை. ஒன்று பிடிக்கவில்லையா, இன்னொன்று. கடைசியாக, செல்லுக்குள் சாரம் கட்டியதுபோல நிற்கும் நுண்குழல்களை ஆராயும் ஆய்வகத்தில் மனசு நின்றது. செல்லுக்குள் என்ன நடக்கிறது என்று தன் கையால் சோதித்துப் பார்ப்பதில் ஒரு கிறுக்கே பிடித்துவிட்டது. நடுவில் ஒரு வருடம் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் படித்தார். குரோமோசோம்கள்மீது ஆர்வம் வந்தது அங்கேதான்.

படிப்பு முடிந்தது. நல்ல மதிப்பெண்கள், பல ஆய்வகங்களில் வேலை பார்த்த அனுபவம், பேராசிரியர்களின் சிபாரிசுக் கடிதங்கள்… எல்லாம் கையில். அடுத்தது பிஹெச்.டி.

இரண்டே இரண்டு கதவுகள்

அமெரிக்காவில் பிஹெச்.டி படிக்க அன்றைக்கு ஜி.ஆர்.இ என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். குறிப்பிட்ட நேரத்துக்குள் வேகமாக வாசித்து, சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு. டிஸ்லெக்ஸியா உள்ளவருக்கு இதைவிடக் கஷ்டமான தேர்வு இருக்க முடியாது. கரோலின் மதிப்பெண் மிகக் குறைவாக வந்தது.

பல பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தார். பெரும்பாலான இடங்களில் நேர்முகத்துக்குக்கூடக் கூப்பிடவில்லை. அழைப்பு வந்தது இரண்டே இரண்டு இடங்களிலிருந்து. ஒன்று, கால்டெக். இன்னொன்று, பெர்க்லி. இரண்டுமே உலகின் முன்னணி நிறுவனங்கள் என்பதுதான் வேடிக்கை. அந்த இரண்டிலும் மதிப்பெண்ணைத் தாண்டி, இந்தப் பெண் ஆய்வகத்தில் என்ன செய்திருக்கிறார் என்று புரட்டிப் பார்க்க ஆள் இருந்தார்கள்.

நேர்முகத்துக்காக பெர்க்லி போனபோது எலிசபெத் பிளாக்பர்னைச் சந்தித்தார் கரோல். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பிறந்து, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பிஹெச்.டி முடித்து வந்தவர் பிளாக்பர்ன். குரோமோசோமின் நுனிகளைப் பற்றி அவர் பேசப் பேச, கரோல் முடிவெடுத்துவிட்டார். படித்தால் பெர்க்லிதான்.

வீடு பார்ப்பதுபோல லேப் பார்க்கும் வருடம்

பிஹெச்.டி என்றால் முதல் நாளே ஒரு தலைப்பும் ஒரு கைடும் கிடைத்துவிடும் என்று நினைக்கலாம். அமெரிக்காவில் செல் உயிரியல், உடற்கூறியல் போன்ற துறைகளில் பெரும்பாலும் அப்படியில்லை. முதல் வருடம் பாடங்களைப் படித்துக்கொண்டே, சில வாரங்கள் ஓர் ஆய்வகம், சில வாரங்கள் இன்னொன்று என மாறி மாறி வேலை பார்க்க வேண்டும். 'ரொட்டேஷன்' என்பார்கள்.

வாடகைக்குப் போகும் முன் வீடு பார்ப்பதைப் போலத்தான் இது. வீட்டில் தண்ணீர் வருகிறதா, வீட்டுக்காரர் எப்படி என்று பார்ப்போம் இல்லையா? அதேபோல மாணவர் ஆய்வகத்தைப் பார்ப்பார். பேராசிரியர் மாணவரைப் பார்ப்பார். அடுத்து நான்கைந்து வருடங்கள் இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ் வெற்றி தோல்வியைப் பங்குபோட வேண்டியவர்கள்.

1983-ல் பெர்க்லியில் சேர்ந்த கரோல், ரொட்டேஷன் முடிந்து 1984 மே மாதம் பிளாக்பர்ன் ஆய்வகத்தில் நிரந்தரமாகச் சேர்ந்தார். கேட்டு வாங்கிக்கொண்ட தலைப்பு ஆபத்தானது. யாரும் பார்த்திராத ஒரு நொதியைக் கண்டுபிடிக்க வேண்டும். அப்படி ஒன்று இருக்கிறதா என்பதே உறுதியில்லை. இல்லையென்றால், பிஹெச்.டி வருடங்கள் வீண்.

குரோமோசோமுக்குக் கட்டிய குஞ்சம்

அந்த நொதியை ஏன் தேட வேண்டும்? இதற்கு முதலில் குரோமோசோமின் நுனியைப் பார்க்க வேண்டும்.

புடவை முந்தானையில் குஞ்சம் கட்டுவார்கள். அழகுக்கு மட்டுமல்ல, ஓரத்து நூல் பிரிந்து போகாமல் இருக்கவும்தான். நம் ஒவ்வொரு செல்லிலும் 46 குரோமோசோம்கள் உள்ளன. ஒவ்வொன்றும் நீளமான டி.என்.ஏ நூல். அதன் இரண்டு நுனிகளிலும் இப்படியொரு குஞ்சம் உண்டு. அதன் பெயர் டெலோமியர். கிரேக்க மொழியில் 'கடைசிப் பகுதி' என்று பொருள். 1938-ல் இந்தப் பெயரை வைத்தவர் ஹெர்மன் முல்லர் என்ற விஞ்ஞானி. பழ ஈக்களை எக்ஸ்-ரேயால் தாக்கி ஆராய்ந்தபோது, குரோமோசோமின் நுனிக்கு ஏதோ தனிப் பாதுகாப்பு இருப்பதை அவர் கவனித்தார். மக்காச்சோளத்தை ஆராய்ந்த பார்பரா மெக்ளின்டாக்கும் இதையே கண்டார். உடைந்த குரோமோசோம்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, இயல்பான நுனிகள் ஒட்டுவதில்லை!

1970-களில் ஒரு புதிர் முளைத்தது. செல் இரண்டாகப் பிரியும்போதெல்லாம் டி.என்.ஏ பிரதி எடுக்கப்படுகிறது. ஆனால், பிரதி எடுக்கும் ஏற்பாட்டால் நூலின் கடைசித் துளியைப் பிரதி எடுக்க முடியாது. ரஷ்ய விஞ்ஞானி அலெக்ஸி ஓலோவ்னிகோவ் மாஸ்கோ சுரங்க ரயில் நிலையத்தில் நின்றபோதுதான் இது அவருக்குப் பொறிதட்டியது. தண்டவாளம் டி.என்.ஏ என்றால், ரயில்தான் பிரதி எடுக்கும் இயந்திரம். தண்டவாளம் முடியும் இடத்தில் நிற்கும் ரயில், தனக்குக் கீழே இருக்கும் கடைசித் துண்டை எப்படிப் பிரதி எடுக்கும்? அமெரிக்காவில் ஜேம்ஸ் வாட்சனும் 1972-ல் இதே சிக்கலைச் சுட்டிக்காட்டினார்.

அப்படியானால், ஒவ்வொரு முறை செல் பிரியும்போதும் நூல் கொஞ்சம் தேய வேண்டும். தேய்ந்துகொண்டே போனால் தலைமுறை தலைமுறையாக உயிர்கள் எப்படித் தொடர முடியும்? எங்கோ ஒரு கை, தேய்ந்த நுனியைத் திரும்பத் திரும்பப் பின்னிக்கொண்டிருக்க வேண்டும். அந்தக் கை எது?

குளத்துத் தண்ணீரில் கிடைத்த துப்பு

பிளாக்பர்ன் இந்தப் புதிருக்குள் வந்தது ஒரு குளத்து உயிரி வழியாக. டெட்ராஹைமெனா. ஒரே செல்லால் ஆன உயிரி. ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குதான் இருக்கும். உடம்பு முழுக்க மயிரிழை போன்ற தூரிகைகளை அசைத்து நீந்தும். விஞ்ஞானிகளுக்கு இதைப் பிடித்துப்போனதற்குக் காரணம் எளிமையானது. மனித செல்லில் 92 குரோமோசோம் நுனிகள்தான். இந்தக் குட்டி உயிரியிலோ, சின்னஞ்சிறு குரோமோசோம்கள் ஆயிரக்கணக்கில் இருப்பதால் நுனிகளும் ஆயிரக்கணக்கில்! நுனியை ஆராய்பவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஏல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் கால் ஆய்வகத்தில் வேலை பார்த்தபோது, அந்த நுனியில் என்ன எழுதியிருக்கிறது என்று பிளாக்பர்ன் படித்தார். டி, டி, ஜி, ஜி, ஜி, ஜி. இந்த ஆறெழுத்தே மறுபடி மறுபடி வந்தது. 1978-ல் இது வெளியானது.

பிறகு ஜாக் ஷோஸ்டக் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து ஒரு விசித்திரமான சோதனை. குளத்து உயிரியின் நுனியை எடுத்து ஒரு டி.என்.ஏ துண்டில் ஒட்டி, ரொட்டிக்குச் சேர்க்கும் ஈஸ்ட்டுக்குள் செலுத்தினார்கள். கொஞ்சமும் சம்பந்தமில்லாத இரண்டு உயிர்கள். ஆனாலும், அந்தக் குஞ்சம் ஈஸ்ட்டுக்குள்ளும் டி.என்.ஏ-வைப் பாதுகாத்தது. அதோடு, ஈஸ்ட் அந்த நுனியில் தன் சொந்த எழுத்துகளையும் சேர்த்துவிட்டிருந்தது. பிளாக்பர்னிடம் படித்த இன்னொரு பிஹெச்.டி மாணவி ஜானிஸ் ஷாம்பே இதில் முக்கியப் பங்காற்றினார்.

யாரோ எழுதுகிறார்கள் என்பது தெரிந்துவிட்டது. எழுதுவது யார் என்பதைக் கண்டுபிடிப்பதுதான் கரோலுக்கு வந்த வேலை.

எட்டு மாதத் தேடல்

சோதனையை எளிமையாக இப்படிச் சொல்லலாம். டெட்ராஹைமெனாவை நிறைய வளர்த்து, அந்த செல்களை உடைத்து, உள்ளே இருக்கும் சாற்றை எடுக்க வேண்டும். தேடும் நொதி இருந்தால் அந்தச் சாற்றில்தான் இருக்கும். அதில் டி.என்.ஏ துண்டையும், கதிரியக்கம் ஏற்றிய டி.என்.ஏ எழுத்துகளையும் போட வேண்டும். நொதி இருந்தால், அந்த எழுத்துகளை எடுத்துத் துண்டின் நுனியில் சேர்க்கும். பிறகு அதை ஜெல்லி போன்ற மெல்லிய பலகையில் விட்டு மின்சாரம் செலுத்தினால், சின்னத் துண்டுகள் வேகமாகவும் பெரிய துண்டுகள் மெதுவாகவும் நகரும். கதிரியக்கம் ஏறிய துண்டுகள் எக்ஸ்-ரே ஃபிலிமில் கறுப்புக் கோடுகளாக விழும்.

கேட்பதற்கு எளிது. செய்வதற்கு? செல்லை உடைத்தால் டி.என்.ஏ-வைச் சிதைக்கும் நொதிகளும் சேர்ந்து வெளியே வரும். டி.என்.ஏ-வைப் பழுதுபார்க்கும் வேறு நொதிகளும் தங்கள் பங்குக்கு எழுத்துகளைச் சேர்த்துக் குழப்பும். இத்தனை சந்தடியில் ஒரே ஒரு கைரேகையை அடையாளம் காண வேண்டும். கரோல் சாறு எடுக்கும் முறையை மாற்றினார். சேர்க்கும் பொருள்களை மாற்றினார். லேசாக ஏதோ தெரிவதுபோல இருக்கும், உறுதியாகச் சொல்ல முடியாது. வாரந்தோறும் பிளாக்பர்னோடு உட்கார்ந்து, அடுத்து என்ன மாற்றலாம் என்று பேசுவது வழக்கமானது.

கடைசியில் செய்த ஒரு மாற்றம்தான் திருப்புமுனை. அதுவரை பயன்படுத்திய பெரிய டி.என்.ஏ துண்டுகளை ஒதுக்கிவிட்டு, டெலோமியரின் ஆறெழுத்தை மட்டும் கொண்ட, செயற்கையாகத் தயாரித்த சின்ன ஒற்றை இழையைப் போட்டுப் பார்த்தார்.

கிறிஸ்துமஸ் அன்று ஃபிலிமில் விழுந்தது அந்தச் சோதனையின் முடிவுதான். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே சரியாக ஆறெழுத்து இடைவெளி. ஏதோ ஒன்று அந்த ஒற்றை இழையைப் பிடித்து, ஆறாறு எழுத்தாக நீட்டிக்கொண்டே போயிருந்தது.

ஆடி முடித்த பிறகு ஆரம்பித்த வேலை

சினிமாவாக இருந்தால் கதை இங்கே முடிந்திருக்கும். ஆய்வகத்தில் இனிமேல்தான் ஆரம்பம்.

பாட்டுப் போட்டு ஆடிய கையோடு, தன் கண்டுபிடிப்பு தப்பாக இருக்க என்னென்ன வழிகள் உண்டு என்று தேடத் தொடங்கினார் கரோல். வழக்கமாக டி.என்.ஏ-வைப் பிரதி எடுக்கும் நொதியே சாற்றில் இருக்கும் பழைய டெலோமியர் துண்டுகளைப் பார்த்து எழுதி ஏமாற்றியிருந்தால்?

இதைச் சோதிக்க ஓர் அழகான யோசனை கிடைத்தது. ஈஸ்ட்டின் டெலோமியர் எழுத்துகள் வேறு. அந்த இழையை டெட்ராஹைமெனா சாற்றில் போட்டால் என்ன ஆகும்? நொதி ஈஸ்ட்டின் எழுத்தைத் தொடரவில்லை. அதன் நுனியில் தன் சொந்த ஆறெழுத்தையே சேர்த்தது. எதை எழுத வேண்டும் என்ற தகவலை அது வேறெங்கிருந்தோ கடன் வாங்கவில்லை. அதற்கே தெரிந்திருந்தது!

இப்படி ஒவ்வொரு சந்தேகமாக அடைத்த பிறகே ஆய்வுக் கட்டுரை எழுதப்பட்டது. கிறிஸ்துமஸ் கழிந்து கிட்டத்தட்ட ஒரு வருடத்தில், 1985 டிசம்பரில் 'செல்' இதழில் அது வெளியானது. கட்டுரைக்கு இரண்டே ஆசிரியர்கள். முதல் பெயர், கரோல் கிரைடர். இரண்டாவது, எலிசபெத் பிளாக்பர்ன். நொதிக்கு முதலில் வைத்த நீளமான பெயர் பின்னர் சுருங்கி, 'டெலோமரேஸ்' ஆனது.

நொதிக்கு அந்த ஆறெழுத்து எப்படித் தெரியும் என்ற கேள்வி மிச்சமிருந்தது. அதற்கும் விடை கிடைத்தது. டெலோமரேஸ் தனக்குள்ளேயே ஒரு சின்ன ஆர்.என்.ஏ துண்டை வைத்திருக்கிறது. தையல்காரர் அளவுச் சட்டையைக் கையோடு வைத்துக்கொண்டு தைப்பதைப் போல, அதைப் பார்த்துப் பார்த்தே எழுதுகிறது. 1987-ல் கரோலுக்கு பிஹெச்.டி கிடைத்தது. பிறகு கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வு நிறுவனத்துக்குப் போய், அந்த ஆர்.என்.ஏ-வின் எழுத்துகள் முழுவதையும் 1989-ல் படித்துக் காட்டினார்.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

குளத்து உயிரியின் நுனி எப்படி இருந்தால் நமக்கென்ன? 1988-ல் மனித டெலோமியரைப் படித்தபோது விஞ்ஞானிகளுக்கே ஆச்சர்யம். டி, டி, ஏ, ஜி, ஜி, ஜி. ஆறெழுத்தில் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம்!

1961-லேயே லியோனார்டு ஹேஃப்ளிக், பால் மூர்ஹெட் இருவரும் ஒன்றைக் காட்டியிருந்தார்கள். ஆய்வகத்தில் வளர்க்கும் இயல்பான மனித செல்கள் சுமார் 40 முதல் 60 முறை பிரிந்த பிறகு நின்றுவிடும். ஏன் என்று அப்போது தெரியவில்லை. 1990-ல் கால்வின் ஹார்லி, புரூஸ் ஃபட்சர் இருவரோடு சேர்ந்து கரோல் ஆராய்ந்தபோது, பிரியப் பிரிய அந்த செல்களின் டெலோமியர் தேய்வது தெரிந்தது. நம் உடலின் பெரும்பாலான செல்களில் டெலோமரேஸ் அணைந்தே கிடக்கிறது.

புற்றுநோய் செல்களோ ஓய்வில்லாமல் பிரிகின்றன. எப்படி? 1994-ல் வெளியான ஆய்வில், பரிசோதித்த 101 புற்றுக் கட்டி மாதிரிகளில் 90-ல் டெலோமரேஸ் விழித்திருந்தது தெரியவந்தது. அணைந்து கிடக்க வேண்டிய விளக்கை புற்றுநோய் ஏற்றிவைத்துக்கொள்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. பிறவியிலேயே டெலோமரேஸ் சரியாக வேலை செய்யாதவர்களுக்கு, எலும்பு மஜ்ஜை ரத்தம் உற்பத்தி செய்யத் தவறும் நோய், நுரையீரல் தடித்துப்போகும் நோய் போன்றவை வருகின்றன. இந்த நொதி கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. 'டெலோமியரை நீட்டி இளமையைத் திரும்பத் தரும்' என்று விளம்பரம் செய்யப்படும் மாத்திரைகளைப் பார்த்தால், இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அப்படி எந்த மாத்திரையும் மனித ஆயுளை நீட்டியதாக நிரூபிக்கப்படவில்லை.

அதே நேரம், டெலோமரேஸைத் தடுக்கும் 'இமெடெல்ஸ்டாட்' என்ற மருந்துக்கு 2024 ஜூனில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் தந்தது. எலும்பு மஜ்ஜை சார்ந்த ஒரு வகை ரத்தப் புற்றால் கடும் ரத்தசோகைக்கு ஆளாகி, அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்ள வேண்டியவர்களுக்கான மருந்து இது. குளத்து உயிரியிலிருந்து நோயாளியின் படுக்கை வரை வந்து சேர, கிட்டத்தட்ட 40 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

துணி மடிக்கும்போது வந்த போன்

2009 அக்டோபர் 5. அதிகாலை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த கரோல், பால்டிமோர் வீட்டில் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் தோழிகளோடு உடற்பயிற்சி வகுப்புக்குப் போக வேண்டும். போன் மணி அடித்தது. அழைப்பு, ஸ்டாக்ஹோமிலிருந்து.

எலிசபெத் பிளாக்பர்ன், கரோல் கிரைடர், ஜாக் ஷோஸ்டக் மூவருக்கும் மருத்துவ நொபேல்! அந்தத் துறையில் ஒரே ஆண்டில் இரண்டு பெண்கள் சேர்ந்து நொபேல் வாங்கியது அதுவே முதல் முறை. அதுவும் ஆசிரியையும் மாணவியும். இன்றைக்குப் பயிற்சிக்கு வர முடியாது, நொபேல் கிடைத்துவிட்டது என்று தோழிக்கு மின்னஞ்சல் தட்டிவிட்டு, தன் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு பத்திரிகையாளர் சந்திப்புக்குப் போனார் கரோல்.

அதே நாளில் இன்னொரு செய்தியும் வந்தது. ஆராய்ச்சிக்கு நிதி கேட்டு அவர் அனுப்பியிருந்த ஒரு விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தது. ஒரே நாளில் நொபேலும் நிராகரிப்பும்! பேட்டிகளில் இதை அவரே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்.

கதவைத் திறந்தவர்கள்

தன் ஜி.ஆர்.இ கதையை கரோல் மறைத்ததில்லை. டிஸ்லெக்ஸியா பற்றியும் நொபேலுக்குப் பிறகு வெளிப்படையாகப் பேசினார். வேகமாக வாசித்து விடை குறிக்கும் திறமை வேறு, எட்டு மாதங்கள் விடாமல் ஒரு கேள்வியின் பின்னால் போகும் திறமை வேறு. மூன்று மணி நேரத் தேர்வு இரண்டாவதை அளப்பதில்லை. அமெரிக்காவில் உயிரியல் பிஹெச்.டி தரும் பல பல்கலைக்கழகங்கள் கடந்த சில ஆண்டுகளில் ஜி.ஆர்.இ கட்டாயத்தைக் கைவிட்டிருக்கின்றன. அதற்குப் பதில், மாணவர் ஆய்வகத்தில் என்ன செய்தார், அவரோடு வேலை பார்த்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதைக் கூடுதலாகக் கவனிக்கின்றன.

தேர்வே வேண்டாம் என்பதல்ல இந்தக் கதையின் பாடம். ஆயிரக்கணக்கில் விண்ணப்பம் குவியும்போது ஏதோ ஒரு வடிகட்டி தேவைதான். ஆனால், அந்த வடிகட்டியில் தங்காமல் போனவர்களை இரண்டாவது முறை பார்க்க ஆள் இருக்கிறார்களா என்பதே கேள்வி. 1983-ல் இரண்டு பல்கலைக்கழகங்கள் மட்டும் அப்படிப் பார்த்தன. மற்ற பல்கலைக்கழகங்களின் குப்பைக்கூடைக்குப் போன காகிதங்களில் எத்தனை கரோல்கள் இருந்தார்களோ, அது யாருக்கும் தெரியப்போவதில்லை.

2020-ல் கரோல் மறுபடி கலிஃபோர்னியாவுக்கே திரும்பி, சான்டா குரூஸ் வளாகத்தில் பேராசிரியரானார். முதல் வருட மாணவர்கள் வீடு பார்ப்பதுபோல லேப் பார்த்துக்கொண்டு அவருடைய ஆய்வகத்துக்கும் வருகிறார்கள். எந்த மாணவர் கையில், எந்த விடுமுறை நாளில், எந்த ஃபிலிமில் அடுத்த ஏணி தெரியும் என்று நேர்முகத் தேர்வின்போது யாராலும் சொல்ல முடியாது. கதவைத் திறந்து வைப்பது மட்டும்தான் முடியும்.

உங்கள் வீட்டிலும் ஸ்பெல்லிங் வராமல் திணறும் ஒரு பிள்ளை இருக்கலாம். மதிப்பெண் பட்டியலில் கையெழுத்துப் போடும் முன், ஒரு நிமிடம் கரோலை நினைத்துக்கொள்ளுங்கள்.